கழற்ற முடியாத கூரை

சிவமணியின் வீட்டுக் கூரையை நான் முதலில் பார்த்தது காகிதத்தில்தான்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் மாலை வகுப்பு நடந்தது. கட்டடப் படம் வரையும் படிப்பு. பகல் முழுக்கப் புறக்கோட்டையில் றவூப் முதலாளியின் இரும்புக் கடையில் ஆணியும் தகரமும் விற்றுவிட்டு, கடை பூட்டியதும் பஸ் பிடித்து அங்கே போவேன். ஒருநாள் மாஸ்டர் பயிற்சிக்கென்று ஒரு படம் தந்தார். புயலைத் தாங்கக்கூடிய வீடு கட்டுவதற்கு அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்றின் மாதிரிப் படம் அது. இரண்டாயிரமாம் ஆண்டு மார்கழியில் திருகோணமலைப் பக்கம் அடித்த புயலுக்குப் பிறகு, சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் தொடங்கிய திட்டம். சுவரின் தலையில் சுற்றிவரக் கொங்கிறீற் வளையம். அந்த வளையத்துக்குள்ளிருந்து இரும்புப் பட்டி எழுந்து, கைமரத்தைச் சுற்றி வளைந்து மறுபக்கம் இறங்கும். பட்டியில் ஆணி அறைந்து, மறுபுறம் வரும் முனைகளை மடக்கிவிட வேண்டும். தகரத்தையும் அப்படித்தான் சட்டத்தோடு பூட்ட வேண்டும். ஆணி மடக்காத வீட்டுக்குக் கடைசித் தவணை கிடையாது என்று படத்தின் கீழே எழுதியிருந்தது.

நான் மெதுவாக வரைகிறவன். ஒரு கோடு போட்டால் அது சரிதானா என்று இரண்டு தரம் அளப்பேன், பிறகும் அழிப்பேன். பக்கத்து மேசைப் பெண் என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஆணியளை இன்னும் நெருக்கமாப் போடுங்கோ."

"படத்தில இப்பிடித்தானே இருக்கு."

"படத்தில இருக்கும். வந்து பாத்த உத்தியோகத்தர் காணாது எண்டு இன்னும் அடிப்பிச்சவர். இது எங்கட வீடு."

அப்படித்தான் சிவமணியைப் பழக்கம். அவளுடைய ஊர் திருகோணமலைப் பக்கம், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே இருந்தது. தாயும் தகப்பனும் அங்கே. அவள் வெள்ளவத்தையில் பெண்கள் தங்கும் வீடொன்றில் இருந்துகொண்டு, காலி வீதியில் ஒரு கொமியுனிகேசன் கடையில் வேலை செய்தாள். ஆட்கள் வெளிநாட்டுக்கும் ஊருக்கும் கோல் எடுக்கிற கடை.

அவளுடைய தகப்பன் நவரத்தினம் அந்தத் திட்டத்தில் சேர ஒரு வருடமாக மறுத்தாராம். சேரச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றது தாய். தகப்பன் சொன்ன காரணம் எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டுக் கூரையைப் பற்றி ஒருநாளும் யோசித்தவனில்லை.

"ஓடேக்குள்ள எப்பிடிக் கழட்டுறது எண்டு கேட்டவர்," என்றாள் சிவமணி.

"ஓடேக்குள்ள ஏன் கூரையைக் கழட்டோணும்?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கொழும்புக்காரர் நீங்கள். கூரையை விட்டுட்டு ஓடினா, போற இடத்தில எதுக்குக் கீழ படுக்கிறது?"

எண்பத்தைந்தில் சண்டைக்குப் பயந்து ஓடியபோது நவரத்தினம் முதலில் தகரத்தைத்தான் கழற்றினாராம். தொண்ணூறிலும் அப்படியே. சுவர் மண், அது எங்கேயும் கிடைக்கும். தடி காட்டில் வெட்டலாம். தகரத்துக்கு எங்கே போவது? ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். ஒவ்வொரு தகரத்துக்கும் வண்ணத்தில் இலக்கம் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு தகரத்தில் எத்தனை ஆணித் துளை தார் வைத்து அடைத்திருக்கிறது என்று பார்த்தால், அந்தக் குடும்பம் எத்தனை தரம் இடம்பெயர்ந்தது என்று சொல்லிவிடலாம். கூரை கொண்டு போனவர்களுக்குப் போன இடத்தில் பொழுதுபடுவதற்குள் வீடு இருந்தது. கொண்டு போகாதவர்கள் மரத்துக்குக் கீழே இருந்தார்கள்.

திட்டம் கொடுத்தது புதுத் தகரம். ஒரு துளை இல்லை. பழையதைத் தகப்பன் மாட்டுக் கொட்டிலுக்குப் போட்டார், பிறகு யாருக்கோ கொடுத்தார். "இனி சண்டை வராது, காத்துத்தான் வரும்" என்று தாய் சொன்னாளாம்.

சண்டை இரண்டாயிரத்து ஆறு ஆடியில் திரும்ப வந்தது.

அந்த நாட்களில் நான் வகுப்புக்கு முன் அவளுடைய கடைக்குப் போய் நிற்பேன். செல் குண்டு விழுகிற சத்தம் ஊரில் கேட்கத் தொடங்கியிருந்தது. சனம் தெற்கே வாகரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஊர்க் கடைக்காரர் ஒருவர் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கைத்தொலைபேசிக்குக் குளக்கட்டில் ஏறினால் மட்டும் சிக்னல் வரும். அதில்தான் தாயும் தகப்பனும் கதைத்தார்கள். ஊராட்கள் தொலைபேசியில் கத்தித்தான் பேசுவார்கள். கோல் எடுக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்ற எனக்கும் அந்தக் குரல் கேட்டது.

"பழைய கூரை எண்டா ஒரு பின்னேரத்துக்குள்ள கழட்டி ட்ரக்டரில ஏத்தியிருப்பன், மகள். இது இரும்போட இரும்பாக் கிடக்கு. அறுத்துக்கொண்டிருக்கிறன்."

"அப்பா, தகரத்தை விடுங்கோ. ஆள் தப்பினாக் காணும்."

"தப்பி? தப்பிப் போய் எங்க இருக்கிறது? கொம்மாவை மழைக்குள்ள வைக்கச் சொல்லுறியே?"

சிவமணி தொலைபேசி வாங்கியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் தகரம் விக்கிறனீங்கள்தானே. கழட்ட எவ்வளவு நேரம் போகும்?"

நான் யோசித்தேன். மடக்கிய முனைகளை நிமிர்த்த வேண்டும், அல்லது அறுக்க வேண்டும். கையால், ஒரு தனி ஆள். தகரம் கிழியாமல். "ரெண்டு நாள். சில நேரம் மூண்டு. நிச்சயமாச் சொல்லேலாது, மரம் எப்பிடி எண்டு தெரியாதுதானே..."

"மூண்டு நாள் அங்க நிக்கேலாது," என்றாள்.

பிறகு தாய் பேசினாள். இரத்தினம்மா. குரலில் அவசரம் இருந்தது.

"மகள், கொப்பாவைத் தண்ணி கொண்டு வரச் சொல்லி அனுப்பிப்போட்டுக் கதைக்கிறன். கெதியாக் கேள். ஊரில ஒரு சனமும் இல்லை. இந்த மனிசன் குரங்கு மாதிரிக் கூரையில ஏறிக் குந்திக்கொண்டிருக்குது. நீ அந்தத் திட்டக் கந்தோரில கேட்டனி எண்டு சொல்லு. விட்டுட்டுப் போனா அரசாங்கம் புதுக் கூரை தருமாம், கழட்டினா ஒண்டும் தராதாம் எண்டு சொல்லு."

"அம்மா, அப்பிடி ஒண்டும் இல்லையே."

"இல்லை எண்டு எனக்குத் தெரியாதே? நான் என்ன விசரியே? நான் சொன்னா நம்பமாட்டார். நீ கொழும்பில இருந்து சொன்னா வேதவாக்கு. சொல்லு. இந்தா வாறார்."

சிவமணி சொன்னாள். வகுப்பில் பாடம் ஒப்புவிப்பது போல, ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னாள். திட்ட அலுவலகத்தில் கேட்டதாக. அதற்கென்று தனி ஒழுங்கு இருக்கிறதாக. பட்டி அறுத்த கூரைக்கு மட்டும்தான் இல்லையாம் என்று. தகப்பன் உடனே கேட்டார்.

"எழுத்தில தருவினமோ?"

"ஓம் அப்பா. சண்டை முடிய."

"அப்ப சரி," என்றார் நவரத்தினம். "நான் ஒரு பட்டி அறுத்திட்டன். அது பறவாயில்லையோ எண்டு கேட்டுச் சொல்லு. பூட்டிப்போட்டு வெளிக்கிடுறம்."

வாங்கியை வைத்த பிறகு சிவமணி சிரித்தாள். உண்மையில் சிரித்தாள். "ஒரு பட்டி பறவாயில்லையோவாம்," என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர்கள் தப்பிவிட்டார்கள் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். அன்றைக்கு நான் நாட்குறிப்பில் எழுதியதும் அதைத்தான்.

அதற்குப் பிறகு நெடுநாள் ஒரு கோலும் வரவில்லை. வாகரைக்குப் போன பாதைகள் மூடப்பட்டன. ஐப்பசி கார்த்திகையில் கிழக்கில் மழை கொட்டியது. சிவமணி வானிலை அறிக்கை கேட்பதை விட்டாள். தைப்பொங்கலுக்குக் கிட்டத்தான் செய்தி வந்தது. சனம் காட்டுக்குள்ளாலும் கடற்கரையாலும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தபோது நவரத்தினமும் வந்தார். இரத்தினம்மா வரவில்லை. மார்கழி மழையில், தறப்பாள் சீலைக் கூரைக்குக் கீழே, காய்ச்சலில் போய்விட்டாள். அங்கேயே புதைத்தார்கள்.

மாசியில் நவரத்தினம் மட்டக்களப்பு அகதி முகாமிலிருந்து கொழும்புக்கு வந்தார். மகளைப் பார்க்க என்றுதான் நாங்கள் நினைத்தோம். சிவமணி இருந்த இடத்தில் ஆண்கள் தங்க முடியாது. எங்கள் வீட்டில் கொண்டு வந்து விட்டாள். என் அம்மா மெற்றில்டா அவரை விறாந்தை அறையில் படுக்க வைத்து, பொலிசில் பதியக் கூட்டிக்கொண்டு போனாள். வடக்கு கிழக்கிலிருந்து வந்து தங்கும் தமிழர் எல்லோரும் அப்படிப் பதிய வேண்டும், எதற்காகக் கொழும்புக்கு வந்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

"கூரை விசயமா வந்தனான் எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி," என்றார் அவர்.

"கூரை எண்டா அவன் நம்பமாட்டான் அண்ணை. கண் காட்ட வந்தது எண்டு சொல்லுவம்."

"என்ர கண்ணுக்கு ஒரு குறையும் இல்லையே."

"அவனுக்கு என்ன தெரியும்? கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நில்லுங்கோ."

பொலிசில் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றதை அம்மா வந்து நடித்துக் காட்டினாள். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "எப்ப கந்தோருக்குப் போவம்?" என்று என்னிடம் கேட்டார்.

சிவமணி நாளைத் தள்ளினாள். கந்தோர்ப் பெரியவர் லீவில் என்றாள். பிறகு போயா விடுமுறை என்றாள். பிறகு குண்டுப் பயத்தில் கந்தோருக்குள் ஆட்களை விடுகிறார்கள் இல்லை என்றாள். ஒவ்வொரு திங்களும் அவர் குளித்து வெள்ளைச் சேட்டுப் போட்டு ஆயத்தமாக இருப்பார். இரவுச் சாப்பாட்டின்போது தறப்பாளுக்குக் கீழே இருந்த நாட்களைப் பற்றிக் கதைப்பார். பசியைப் பற்றியோ செல்லைப் பற்றியோ அல்ல. மனைவி சொன்னதைப் பற்றி.

"வலன்ரைன் தம்பி, அவவுக்குத்தான் கூடுதல் நம்பிக்கை. எனக்கு இடைக்கிடை ஐமிச்சம் வரும். இவங்கள் எங்க தரப் போறாங்கள் எண்டுவன். அவ ஏசுவா. பிள்ளை கேட்டுச் சொன்னது பொய்யே எண்டு. புதுக் கூரை வந்தா வடக்குப் பக்கம் சாய்ப்பா ஒரு பத்தி இறக்கோணும், அடுப்பு அங்க போகோணும் எண்டு மண்ணில கீறிக் காட்டினவ. காய்ச்சல் வந்த பிறகும் அந்தக் கதைதான். மழைத் தண்ணி கால்மாட்டில ஓடுது, அவ பத்தியைப் பற்றிக் கதைக்கிறா."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பெட்டிக்கு வெளியே நின்று கேட்ட குரல் காதுக்குள் இருந்தது. இல்லை எண்டு எனக்குத் தெரியாதே, நான் என்ன விசரியே. அவள் தெரிந்துகொண்டுதான் அந்த மண்ணில் கீறியிருக்கிறாள். அதை அவருக்குச் சொல்வது என் வேலையா, சொல்லாமலிருப்பது என் வேலையா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் அவர் தானாகவே எழும்பி, "நீங்கள் வராட்டி நான் வழி கேட்டுக் கேட்டுப் போறன்," என்றார். நான் முதலாளியிடம் அரை நாள் கேட்டேன். சிவமணியும் கடையில் சொல்லிவிட்டு வந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, சாறி உடுத்திருந்தாள்.

திட்டத்தின் கந்தோர் வெள்ளவத்தையில் வாடகை வீடொன்றில் இருந்தது. அதிகாரி ஸ்ரீஸ்கந்தராசா தமிழர், மரியாதையான மனிதர். எங்களை இருக்கச் சொன்னார். நவரத்தினத்தின் பெயரிலிருந்த கோவையை எடுப்பித்தார். உள்ளே வீட்டின் புகைப்படம் இருந்தது. புதுத் தகரம் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. முன்னால் நவரத்தினமும் மனைவியும் நின்றார்கள். அவள் கையால் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேலை ஐயா. அந்தப் பகுதியில ஆகத் திறமான வீடுகளில ஒண்டு."

"ஓம் சேர். இப்பவும் நிக்குதாம். அந்தப் பக்கம் போய் வந்த ஆள் ஒருத்தர் சொன்னவர். ஒரு பக்கச் சுவர் செல்லில போயிற்றாம், கூரை அப்பிடியே தொங்கிக்கொண்டு நிக்குதாம். ஒரு தகரமும் அசையேல்லையாம்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "ஆனா எங்களை அங்க போக விடமாட்டினம். பாதுகாப்பு வலயம். அதுதான் அந்தப் புதுக் கூரையை இப்ப தந்தீங்கள் எண்டா, முகாமில ஒரு காணித் துண்டில போட்டுக்கொண்டு இருப்பன்."

"எந்தப் புதுக் கூரை, ஐயா?"

"விட்டுட்டு வந்தவைக்குத் தாறது."

ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைக் கழற்றினார். "இது காத்துக்கான திட்டம். காத்தடிச்சுச் சேதம் எண்டா எழுதலாம். இது காத்து இல்லையே. மற்றது, கூரை நிக்குது எண்டு நீங்களே சொல்லுறீங்கள். நிக்கிற கூரையை நான் இழப்பு எண்டு எப்பிடி எழுதுறது?"

"கழட்டாமல் வந்தாத் தருவினம் எண்டு..."

"இல்லை ஐயா. அப்பிடி ஒண்டு ஒருநாளும் இருக்கேல்லை. ஆர் சொன்னது?"

நவரத்தினம் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கோவையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகாமில கதைச்சவங்கள் சேர்," என்றார் அவர். "நான்தான் பிழையா விளங்கிக்கொண்டன்." எழும்பி, கும்பிட்டு, வாசலில் செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலடியில்தான் இருந்தது.

ஒழுங்கையில் இறங்கி, ஒரு மதிலோர நிழலுக்கு வந்ததும் அவர் நின்றார்.

"நீ கந்தோரில கேட்கவே இல்லையே, மகள்?"

"இல்லை அப்பா."

அவர் தலையாட்டினார். "உண்மைதான். அப்பிடிச் சொல்லாட்டி நான் வெளிக்கிட்டிருக்க மாட்டன். என்னை ஏமாத்தினது பறவாயில்லை." பிறகு கேட்டார். "கொம்மாவுக்குத் தெரியுமோ?"

நான் சிவமணியைப் பார்த்தேன். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மா சொல்லித்தான் சொன்னேன் என்றால் முடிந்தது. அவள் சாறித் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"தெரியாது அப்பா. அம்மாவுக்கும் நான் அதைத்தான் சொன்னனான்."

"அவ நம்பித்தான் இருந்தவவோ?"

"ஓம்."

கோபம் அவருக்கு மெதுவாகத்தான் வந்தது. வந்த பிறகும் சத்தம் உயரவில்லை.

"அந்த மனிசி நம்பிக்கொண்டெல்லோ போனது. பல்லு நடுங்க நடுங்கப் பத்தியைப் பற்றிக் கதைச்சது. நீ சொன்னதெண்டு சொல்லி என்னை ஏசினது. அவவைப் போய் ஏமாத்த உனக்கு எப்பிடி மனம் வந்தது?"

நான் வாயைத் திறந்தேன். "ஐயா..." என்றும் சொல்லிவிட்டேன். சிவமணி என்னைப் பார்த்தாள். மன்றாட்டமில்லை, கண்டிப்புமில்லை, வெறுமனே பார்த்தாள். நான் "பஸ் வருகுது" என்று முடித்தேன். பஸ் ஒன்றும் வரவில்லை.

பிறகு, அவர் எங்கள் வீட்டில் படுத்திருந்த நேரம், அவளிடம் ஏன் என்று கேட்டேன்.

"தெரியும் எண்டு சொன்னா, அம்மா கடைசி மட்டும் அவரோட கதைச்சதெல்லாம் நடிப்பு எண்டு ஆகிடும்," என்றாள். "அவரிட்ட அந்தக் கதை மட்டும்தான் மிச்சம். அதையும் நான் பறிக்கிறதே?"

"அப்ப உங்களை வெறுப்பாரே."

"நான் உயிரோடதானே இருக்கிறன். பிறகு பாப்பம்."

இரண்டு நாள் கழித்து அவர் மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டார். புறக்கோட்டை பஸ் நிலையத்துக்குச் சிவமணி சாப்பாட்டுப் பார்சலோடு வந்தாள். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "வாறன் தம்பி. அம்மாவுக்குச் சொல்லும்," என்று என்னிடம் சொன்னார். கொண்டக்டர் சிங்களத்தில் எங்களை விலகச் சொன்னான். பஸ் எடுக்கும்போது அவர் முன்னால் இருந்த சீற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பல மாதங்கள் போய்விட்டன. சண்டை வன்னிக்குப் போய்விட்டது. அவர் இன்னும் முகாமில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், தேவாலயத்தில் பூசை முடிந்து அம்மா வந்திருப்பாள் என்று கணித்து, எங்கள் வீட்டுக்குக் கோல் எடுப்பார். அம்மாவின் மூட்டு வலியைப் பற்றிக் கேட்பார். என் மாலை வகுப்புச் சோதனையைப் பற்றிக் கேட்பார். எங்கள் தெருவில் வெள்ளம் நின்றதா என்று கேட்பார். மகளைப் பற்றி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா ஒரு தரம் தானாகச் சொல்லப் பார்த்தாள். அவர் கோலை வைத்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சிவமணி ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே வெள்ளவத்தையிலிருந்து வந்துவிடுவாள். மணி அடித்ததும் அம்மா எடுப்பாள். சிவமணி அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்து, வாங்கியின் மறுபக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். மூச்சு கேட்டுவிடும் என்று கையால் வாயைப் பொத்தியிருப்பாள். அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள்.